மூன்று நிமிடம், ஏழு குளிசை: கொழும்பு கிளினிக்குகளில் மருந்து எழுதப்படும் விதம்

கொழும்பில் இரண்டு விதமான செய்திகள் மாறி மாறி வருகின்றன. அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு, துண்டு எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொல்கிறார்கள் என்பது ஒன்று. வெளிநோயாளர் பிரிவுகளில் தேவைக்கு மேல் மருந்து எழுதப்படுகிறது, அன்டிபயோட்டிக் கண்டபடி கொடுக்கப்படுகிறது என்பது மற்றது. இரண்டையும் ஒரே வாரத்தில் வாசிப்பவர் குழம்புவதில் வியப்பில்லை. மருந்து இல்லையா, இல்லை அளவுக்கு மேல் இருக்கிறதா?

இரண்டும் உண்மைதான். ஒரே ஆஸ்பத்திரியில், சில வேளை ஒரே துண்டிலேயே இரண்டும் நடக்கும். ஏழு மருந்து எழுதப்பட்ட துண்டில் தேவையில்லாத மூன்று உள்ளே கிடைக்கும்; கட்டாயம் தேவையான ஒன்றை வெளியே வாங்க வேண்டியிருக்கும். இது எப்படி நேர்கிறது என்று பார்த்தால், வைத்தியருக்கு என்ன தெரியும் என்பதைவிட, அவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது, ஆஸ்பத்திரியின் ஒழுங்கு எப்படி இருக்கிறது என்பவைதான் துண்டின் நீளத்தை அதிகம் தீர்மானிக்கின்றன.

முதலில் சொற்கள்

ஓபிடி வேறு, கிளினிக் வேறு. செய்திகளில் இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஓபிடி என்பது காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம் என்று வந்தவர் நம்பர் எடுத்து வரிசையில் நின்று மருந்து வாங்கும் இடம். மருந்தும் சில நாட்களுக்குத்தான். கிளினிக் என்பது சீனி வருத்தம், பிரஷர், இருதய நோய் போன்ற நெடுநாள் வருத்தங்களுக்குத் திகதி கொடுத்து வரச் சொல்லும் இடம். அங்கே கொப்பி உண்டு, பெரும்பாலும் ஒரு மாத மருந்து உண்டு. ஓபிடியில் நடக்கும் பிழைகளும் கிளினிக்கில் நடக்கும் பிழைகளும் வேறு வேறு ரகம்.

அடுத்த சொல் 'முறையான மருந்துப் பாவனை'. 1985 இல் நைரோபியில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாட்டில் இதற்கு ஒரு வரைவிலக்கணம் கிடைத்தது. நான்கு நிபந்தனைகள்:

1. நோயாளியின் நோய்க்குப் பொருத்தமான மருந்து.
2. அவருடைய உடலுக்கு ஏற்ற அளவு.
3. போதுமான காலம்.
4. அவருக்கும் சமூகத்துக்கும் மிகக் குறைந்த செலவு.

இலவச மருத்துவம் உள்ள நாட்டில் நான்காவதை மறந்துவிடுவது சுலபம். கவுண்டரில் காசு கேட்பதில்லை என்பதால் அந்தக் குளிசைக்கு விலையே இல்லை என்று தோன்றும். ஆனால் அதை வாங்கியது பொதுப் பணம். இலங்கை பாவிக்கும் மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால், அது டொலரும்கூட. டொலர் இல்லாமல் போனால் மருந்து அலுமாரி என்ன ஆகும் என்பதை 2022 இல் எல்லோரும் பார்த்தோம்.

அளவிடும் கோல், அதைப் பிழையாக வாசிப்பது

'ஒரு நோயாளிக்குச் சராசரியாக இத்தனை மருந்து, இது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைவிட அதிகம்' என்ற மாதிரி வாக்கியம் இத்தகைய செய்திகளில் தவறாமல் வரும். இந்தக் கணக்கின் மூலம் 1993 இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு சர்வதேச ஆய்வு வலையமைப்புடன் சேர்ந்து வெளியிட்ட கையேடு. மருந்து எழுதும் பழக்கத்தை அளக்க அதில் ஐந்து குறிகாட்டிகள் உண்டு:

1. ஒரு துண்டில் சராசரியாக எத்தனை மருந்து.
2. அவற்றில் எத்தனை வீதம் கம்பனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில் எழுதப்பட்டவை.
3. அன்டிபயோட்டிக் உள்ள துண்டுகள் எத்தனை வீதம்.
4. ஊசி எழுதப்பட்ட துண்டுகள் எத்தனை வீதம்.
5. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை எத்தனை வீதம்.

கணக்கு மிக எளிது. 100 துண்டுகளை எடுத்து வரிகளை எண்ணுங்கள். மொத்தம் 310 மருந்து என்று வைத்துக்கொண்டால் சராசரி 3.1. நோயாளியின் பெயரோ வருத்தமோ தெரியத் தேவையில்லை. அதுதான் இந்த முறையின் பலம், பலவீனமும் அதுவேதான்.

செய்திகளில் வரும் '1.6 முதல் 1.8 வரை' என்ற வரம்பு 1993 கையேட்டில் கிடையாது. பிறகு நைஜீரியாவில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்றின் வழியாகப் புழக்கத்துக்கு வந்து, ஒரு கட்டுரையைப் பார்த்து மறு கட்டுரை எழுதியதில் 'உலக சுகாதார நிறுவன வரம்பு' என்ற பெயரை எடுத்துக்கொண்டது. காய்ச்சல், இருமலுக்கு வருகிற ஆரம்ப நிலைப் பிரிவோடு ஒப்பிட அது உதவலாம். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவருக்கு, ஒருமுறை மாரடைப்பு வந்திருந்தால், மெட்ஃபோமின், லோசார்ட்டன், அட்டோவாஸ்டட்டின், அஸ்பிரின், அட்டெனொலோல் என்று ஐந்து மருந்து இருப்பது நியாயமே. அந்தக் கிளினிக்கின் சராசரி 1.8 ஆக இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆகவே இப்படியொரு செய்தியைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, எண்ணியது எந்த வரிசையில், ஓபிடியிலா கிளினிக்கிலா என்பது.

ஓபிடி: 'வேண்டாம்' என்று சொல்ல நேரம் இல்லை

வைத்தியர் ஒருவர் ஒரு நோயாளியுடன் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டிய ஆய்வொன்று 2017 இல் வெளியானது. பங்களாதேஷில் 48 விநாடி, சுவீடனில் 22.5 நிமிடம். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழும் 18 நாடுகளில் 5 நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. கொழும்பில் காலை ஆறு மணிக்கே நம்பர் எடுத்து நின்றவர்களுக்கு இந்த எண்கள் புதிதாக இராது.

ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தடிமனும் இருமலும் என்று ஒருவர் வந்து உட்காருகிறார். வைரஸ் தொற்று, அன்டிபயோட்டிக் தேவையில்லை என்று வைத்தியருக்குத் தெரியும். மருத்துவ பீடத்தில் படித்ததுதானே. ஆனால் வெறுங்கையோடு அனுப்புவதென்றால் நான்கு விடயங்களை விளங்கப்படுத்த வேண்டும். இருமல் ஒரு வாரத்தில் போகாது. ஆய்வுகளின்படி சராசரியாக 18 நாள் இருக்கும். சளி மஞ்சளாக, பச்சையாக மாறுவது மட்டும் பக்டீரியா தொற்றின் அடையாளம் ஆகாது. மூச்சு வாங்கினால், காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றால் திரும்பி வர வேண்டும். இதற்கிடையில் என்ன குடிக்கலாம், எப்படி ஆறலாம். இவ்வளவையும் நோயாளியின் மொழியில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும், 'அரை நாள் லீவு போட்டு வந்தேன், ஒன்றும் தரவில்லையே' என்ற முகத்தைப் பார்க்க வேண்டும்.

'அமொக்சிசிலின், 5/7', அதாவது ஐந்து நாளுக்கு அன்டிபயோட்டிக், என்று எழுத ஐந்து விநாடி போதும். அதோடு பனடோல், ஒவ்வாமைக் குளிசை, விட்டமின் சீ. இருமுகிறார் என்பதால் இழுப்பு இல்லாவிட்டாலும் சில வேளை இழுப்புக்கான சல்பியூட்டமோலும் சேரும். இழுப்பு இல்லாத இருமலுக்கு அது பயன் தருவதாகச் சான்று இல்லை. ஆனால் துண்டு நிறைந்திருக்கும், வரிசை நகரும்.

இதில் நோயாளிகளின் பங்கையும் மறைக்க முடியாது. தனியார் டிஸ்பென்சரியில் கலர் கலராக நாலு குளிசை மடித்துக் கொடுத்தவர் கைராசிக்காரர், பனடோல் மட்டும் எழுதியவர் 'ஒன்றும் தெரியாதவர்' என்ற தீர்ப்பை வெள்ளவத்தையிலும் கேட்கலாம், மட்டக்குளியிலும் கேட்கலாம்.

காய்ச்சலில் இன்னொரு ஆபத்து. டெங்கு சுற்றும் நகரத்தில் காய்ச்சலை வேகமாகத் தணிக்க டைக்ளோஃபெனக், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின் போன்றவற்றைக் கொடுப்பது வயிற்றிலும் குடலிலும் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். பரசிட்டமோல் மட்டும் என்று சுகாதார அமைச்சு ஒவ்வொரு மழைக்காலமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஒரு நாளைக்குப் பெரியவர் ஒருவருக்கு 4 கிராமுக்கு மேல் அதுவும் கூடாது. 500 மில்லிகிராம் குளிசையில் எட்டு.

அன்டிபயோட்டிக்: மூன்று குழுக்கள்

உலக சுகாதார நிறுவனம் 2017 இல் அன்டிபயோட்டிக்குகளை மூன்று குழுவாகப் பிரித்தது. முதலில் எடுக்க வேண்டியவை (அமொக்சிசிலின் போன்றவை), கவனத்தோடு பாவிக்க வேண்டியவை (சிப்ரோஃப்ளொக்சசின், அசித்ரோமைசின்), வேறு எதுவும் கேட்காதபோது மட்டும் தொட வேண்டியவை. 2030 இல் உலகப் பாவனையில் குறைந்தது 70 வீதம் முதற் குழுவிலிருந்து வர வேண்டும் என்று 2024 இல் ஐ.நா. பொதுச் சபையின் உயர்மட்டக் கூட்டம் இலக்கு வைத்தது. 2019 இல் மாத்திரம் மருந்துக்கு அடங்காத பக்டீரியா தொற்றுகள் நேரடியாகக் காரணமான மரணங்கள் உலகில் 12.7 இலட்சம் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஓபிடியில் தடிமனுக்கு எழுதப்படும் அசித்ரோமைசினுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்து வேலை செய்யாமல் போவதற்கும் இடையில் பல படிகள் உண்டு, உண்மைதான். ஆனால் அது ஒரே ஏணி.

கிளினிக்: தொடங்க ஒருவர் போதும், நிறுத்த ஆளில்லை

கிளினிக்கில் கதை வேறு. அங்கே பிரச்சினை அவசரமாகச் சேர்ப்பதைவிட, சேர்த்ததை எடுக்காமல் விடுவது.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் 68 வயது அம்மா. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனக் எழுதப்படுகிறது. அந்த மருந்து உடலில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரைக் கூட்டும், வயிற்றையும் எரிக்கும். வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல், பிரஷருக்கு அம்லோடிப்பின். அம்லோடிப்பின் பலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். அடுத்த முறை வேறொரு வைத்தியர் வீக்கத்தைப் பார்த்து சிறுநீர் போக ஃபுருசமைட் எழுதுகிறார். ஃபுருசமைட் பொட்டாசியத்தைக் குறைக்கிறது, இரவில் கெண்டைக்கால் பிடிக்கிறது. அதற்குக் கல்சியம். பிரஷர் இன்னும் இறங்கவில்லை என்று எனலாபிரில் சேர்கிறது. எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். இருமலுக்கு ஓபிடியில் பாணி மருந்து.

ஒரு முழங்கால், ஏழு மருந்து. ஒவ்வொரு வரியையும் தனியாகப் பார்த்தால் எதுவும் அபத்தமாகத் தெரியாது. மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி இன்னொரு மருந்து எழுதும் இந்தப் போக்கை மருத்துவ இலக்கியம் 1990களிலிருந்தே ஒரு தனிப் பிழையாக விவரிக்கிறது. தமிழில் 'மருந்துச் சங்கிலி' என்று சொல்லலாம். இந்த அம்மாவின் சங்கிலியில் இன்னுமொரு கண்ணி மறைந்திருக்கிறது. டைக்ளோஃபெனக், எனலாபிரில், ஃபுருசமைட் மூன்றும் ஒன்றாகச் சேரும்போது சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படும் ஆபத்து கூடுகிறது. வயிற்றோட்டம் வந்து உடலில் நீர் வற்றினால் அந்த ஆபத்து இன்னும் கிட்ட வந்துவிடும்.

சங்கிலியை அறுக்க வேண்டிய இடம் முதற் கண்ணி. டைக்ளோஃபெனக்கை நிறுத்திப் பார்த்தால் பின்னால் வந்ததில் பாதி உதிர்ந்துவிடலாம். ஏன் யாரும் அதைச் செய்வதில்லை? மூன்று காரணங்கள்:

1. பல கொப்பிகள். மெடிக்கல் கிளினிக்குக்கு ஒரு கொப்பி, கண்ணுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று. வெளியில் சனல் பண்ணிப் பார்த்த துண்டு வீட்டு லாச்சியில். முழுப் பட்டியல் எந்த வைத்தியர் முன்னாலும் ஒரே நேரத்தில் இருப்பதில்லை.

2. மாறும் முகங்கள். மாதாமாதம் பார்ப்பவர் அதே வைத்தியராக இருக்க மாட்டார். 'அதே மருந்து தொடரட்டும்' என்ற ஒற்றை வரியோ, போன மாதப் பக்கத்தின் பிரதியோதான் அவருக்குச் சாத்தியம். மூன்று நிமிடத்தில் ஏழு மருந்தின் வரலாற்றைத் துருவ முடியாது.

3. பொறுப்பின் சாய்வு. இது பேசப்படுவதில்லை, ஆனால் மூன்றிலும் கனமானது இதுதான் என்று நினைக்கிறேன். முன்னவர் எழுதியதைத் தொடர்ந்தால் எது நடந்தாலும் கேள்வி இல்லை. இளம் வைத்தியர் ஒருவர் நிறுத்தி, அடுத்த வாரம் ஏதாவது நடந்தால் கேள்வி அவரிடம் வரும். ஆகவே யாரும் நிறுத்துவதில்லை.

ஒமெப்ரசோல் இதற்கு நல்ல உதாரணம். சாதாரண வயிற்றெரிவுக்கு நாலு முதல் எட்டு வாரம் கொடுக்கப்படும் குளிசை, 'காஸ்ட்ரிக் குளிசை' என்ற செல்லப்பெயரோடு ஆண்டுக்கணக்கில் கொப்பியில் குடியிருக்கும். நெடுங்காலம் எடுத்தால் விட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம். அஸ்பிரினோடு இரத்தக்கசிவு ஆபத்து உள்ள முதியவருக்கு அது தொடரத்தான் வேண்டும், சரி. எல்லோருக்கும் ஏன்?

பெயரில் இருக்கும் பொறி

ஒவ்வொரு மருந்துக்கும் உலகம் முழுக்கப் பொதுவான ஒரு பெயரும், கம்பனிகள் வைக்கும் பல பெயர்களும் உண்டு. பரசிட்டமோல் பொதுப்பெயர், பனடோல் வணிகப் பெயர். மெட்ஃபோமின் பொதுப்பெயர், குளுக்கோஃபாஜ் வணிகப் பெயர். அரச ஆஸ்பத்திரிக் கவுண்டரில் மெட்ஃபோமின் வாங்கியவர், சனல் பண்ணிய இடத்தில் குளுக்கோஃபாஜ் எழுதித் தந்தால் இரண்டையும் வெவ்வேறு மருந்து என்று நம்பிக் குடிப்பார். இப்படி இரட்டிப்பாவதைத் தடுக்க மிக மலிவான வழி, பொதுப்பெயரில் எழுதுவது.

இந்த விடயத்தில் இலங்கை பின்தங்கிய நாடல்ல, ஒரு காலத்தில் வழிகாட்டிய நாடு. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, 1971 இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். தேவையான மருந்துகளை மட்டும் பொதுப்பெயரில், உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் மொத்தமாக வாங்குவது அவருடைய திட்டம். இறக்குமதிப் பட்டியல் ஏறத்தாழ 2,100 மருந்துகளிலிருந்து 600 அளவுக்குக் குறைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977 இல். பிபிலே கயானாவில் காலமானதும் அதே ஆண்டில். இன்று நாம் மருந்து வாங்கும் ஒசுசல கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவை. 2005 இல் தேசிய மருந்துக் கொள்கை வந்தது. 2015 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையை உருவாக்கியது. ஆனால் எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம் என்று சொல்லும் சட்டத்தால், இந்த நோயாளிக்கு இது வேண்டுமா என்று சொல்ல முடியாது.

இனித் தட்டுப்பாட்டுக்கு வருவோம். ஆஸ்பத்திரிகளின் அடுத்த ஆண்டுத் தேவை பெரும்பாலும் கடந்த கால நுகர்வை வைத்தே மதிப்பிடப்படுகிறது. தேவையில்லாமல் எழுதிய ஒமெப்ரசோலும் விட்டமினும் அப்போது 'தேவை' என்று பதிவாகிவிடும். பணம் அளவானது என்பதால் அவை பிடித்த இடம் வேறெதற்கோ இல்லாமல் போகிறது. தட்டுப்பாட்டுக்குக் கேள்விப்பத்திரத் தாமதம், பதிவுப் பிரச்சினை, டொலர் என்று வேறு பெரிய காரணங்கள் உண்டு. ஆனாலும் பேனாவின் பங்கு இந்தக் கணக்கில் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

கவுண்டரில் கடைசி அரை நிமிடம்

சரியான மருந்து சரியாக எழுதப்பட்டாலும் வேலை முடிவதில்லை. மேற்சொன்ன 1993 கையேட்டில் மருந்து கொடுக்க எடுத்த நேரம், உறையில் விபரம் எழுதப்பட்டதா, நோயாளிக்குக் குடிக்கும் முறை தெரியுமா என்பவையும் குறிகாட்டிகள். செய்திகள் இவற்றைத் தொடுவதேயில்லை.

துண்டில் இருக்கும் குறியீடுகள் லத்தீனிலிருந்து வந்தவை. பி.டி. என்றால் நாளுக்கு இரு முறை, டி.டி.எஸ். என்றால் மூன்று முறை, மானே காலை, நொக்டே இரவு. 5/7 ஐந்து நாள், 2/52 இரண்டு வாரம், 1/12 ஒரு மாதம். பி.ஆர்.என். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்தக் கடைசிக் குறியீடு உறைக்கு வரும்போது காணாமல் போனால், வலி வந்தால் மட்டும் குடிக்க வேண்டியது தினசரி மருந்தாகிவிடுகிறது.

சிறிய கடதாசி உறையில் இரண்டு கோடு கிழித்து, சிங்களத்தில் ஒரு வார்த்தை சொல்லி நீட்டினால் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு என்ன மிஞ்சும்? காலை ஒன்று, இரவு ஒன்று என்பதை ஊகிக்கலாம். தைரொயிட் குறைபாட்டுக்கான தைரொக்சினை வெறும் வயிற்றில் குடித்து, கல்சியக் குளிசையை நாலு மணித்தியாலம் தள்ளிப் போட வேண்டும் என்பதைக் கோடு சொல்லாது. ஸ்டீரொயிட் இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லாது. தமிழ் 1987 முதல் அரசியலமைப்பின்படி அரச கரும மொழி. உறையில் மும்மொழியில் அச்சடித்த காலை, பகல், இரவு என்ற மூன்று சொல்லும் ஒரு கட்டமும் பெரிய செலவில்லை.

எது மாற்றும்

சுற்றறிக்கையும் செமினாரும் மட்டும் பழக்கத்தை மாற்றுவதில்லை. தன் எழுத்தைத் தானே பார்க்க வைப்பது கொஞ்சம் மாற்றுகிறது. இங்கிலாந்தில் அன்டிபயோட்டிக் அதிகம் எழுதும் குடும்ப வைத்தியர்களுக்கு, 'உங்கள் பகுதியில் 80 வீதமானோரைவிட நீங்கள் அதிகம் எழுதுகிறீர்கள்' என்று தலைமை மருத்துவ அதிகாரி ஒரு கடிதம் அனுப்பியபோது அரை ஆண்டில் பாவனை 3.3 வீதம் குறைந்தது. 2016 இல் வெளியான ஆய்வு இது. சிறிய எண்தான், ஆனால் செலவு ஒரு முத்திரை. கொழும்பின் ஒவ்வொரு கிளினிக்கிலும் மாதம் 100 துண்டை எண்ணி எழுதியவர்களிடமே கொடுப்பது இதே வகை வேலை. அதைவிடப் பலன் தரக்கூடியது, ஆண்டுக்கு ஒருமுறை மருந்தாளர் ஒருவர் முழுக் கொப்பியையும் இருந்து பார்ப்பது. அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். கடிதம் போல மலிவாக அது முடியாது.

நோயாளியின் பக்கத்தில் செய்யக்கூடியது குறைவு, ஆனால் உண்டு:

1. அரசு, தனியார், கடையில் தானாக வாங்கியது, ஆயுர்வேதம் எல்லாவற்றையும் ஒரே சொப்பிங் பேக்கில் போட்டு அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய் மேசையில் வைப்பது.

2. 'இதில் எது எதற்கு, நிறுத்தக்கூடியது ஏதும் உண்டா டொக்டர்?' என்று கேட்பது. கேள்வி வந்துவிட்டால் நிறுத்தும் பொறுப்பும் வைத்தியரின் தலையில் மட்டும் இருக்காது.

3. தானாக நிறுத்தாமல் இருப்பது. குறிப்பாக வலிப்பு மருந்து, பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட், அட்டெனொலோல், புரொப்ரனொலோல், இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களின் அஸ்பிரின், குளொப்பிடொக்ரெல். இவற்றில் சிலவற்றை மெல்ல மெல்லக் குறைத்துத்தான் விட முடியும், சிலவற்றை ஒரு வாரம் விட்டாலே குழாய் அடைத்துக்கொள்ளக்கூடும்.